திருவிளக்கும் இலுப்பை மரமும்

ஆலய தரிசனத்துக்குச் செல்லும் நாம் மூலஸ்தானத்தின் முன் கைகூப்பி நிற்கும்போது, இருள் சூழ்ந்த அவ்விடத்தில் எம்பெருமானின் திருவுருவை எமக்குக் காட்டுவது ஒரு சிறு தீபமே ஆகும். திருவிளக்கிடுதல் சரியைத் தொண்டுகளுள் ஒன்றாகச் சைவ சமயத்தில் போற்றப்படுகின்றது. திருவொற்றியூரிலே செக்காட்டும் குலத்திற் பிறந்த கலிய நாயனார், செல்வமெல்லாம் இழந்த பின்னும் கூலிக்குச் செக்காட்டி விளக்கெரித்தார் என்றும், எண்ணெய்க்கு வழியற்ற நாளிலே தமது உதிரத்தையே எண்ணெயாக வார்க்கத் துணிந்தார் என்றும் பெரியபுராணம் கூறும். கணம்புல்ல நாயனார் புல் அரிந்து விற்று நெய் வாங்கி விளக்கெரித்தார். புல் விலைப்படாத நாளில் அந்தப் புல்லையே எரித்தார். நமிநந்தியடிகள் திருவாரூரிலே நீரால் விளக்கெரித்த அற்புதத்தையும் நாம் அறிவோம்.

இவ்வரலாறுகளைப் படிக்கும்போது எம்மிடம் ஒரு கேள்வி எழ வேண்டும். எமது கிராமத்து ஆலயத்தில் விளக்கெரிக்க எண்ணெய் எங்கிருந்து வந்தது? இன்று அது கடையிலிருந்து போத்தலில் வருகின்றது. எமது பேரன் பேத்தியர் அது எப்போதும் அப்படித்தான் வந்தது என்று எண்ணினால் அது அவர்களின் பிழை அன்று. எங்கள் காலத்தில் அவ்வெண்ணெய் ஆலய வீதியிலேயே நின்றது. நிழலாக நின்றது, பூவாக உதிர்ந்தது, கொட்டையாக விழுந்தது. அந்த மரமே இலுப்பை. அதனைப் பற்றி இம்மலரில் சிறிது எழுத விரும்புகின்றேன்.

மரத்தின் இயல்பு

இலுப்பை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் உரிய சுதேச மரமாகும். எமது நாட்டின் உலர் வலயத்தில் ஆற்றங்கரைகளிலும் குளக்கட்டுகளின் அருகிலும் வயலோரங்களிலும் இதனைக் காணலாம். 50 அடி முதல் 65 அடி வரை உயர்ந்து, அகன்று கிளைபரப்பி வளரும். ஆண்டின் பெரும்பகுதியும் பசுமை குன்றாது நிற்கும். மாசி, பங்குனியை ஒட்டிப் பழைய இலைகளை உதிர்த்து, செம்பு நிறத் தளிர்களை விடும். அக்காலத்திலேயே பூக்களும் தோன்றும். இலைகள் கிளைகளின் நுனியில் கொத்தாக இருக்கும். இலையையோ கிளையையோ ஒடித்தால் பால் வடியும்.

தாவரவியலாளர் இதனை மதுகா லோங்கிபோலியா என்பர். 1771ஆம் ஆண்டில் லின்னேயஸின் நூலில் இது பாசியா லோங்கிபோலியா என்ற பெயரில் இடம்பெற்றது. பழைய மருத்துவ நூல்கள் சிலவற்றில் அப்பெயரே காணப்படும். இது சப்போட்டாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. சப்போட்டாவுக்குத் தமிழில் சீமையிலுப்பை என்ற பெயர் வந்ததும் இந்த உறவை எமது முன்னோர் கண்டறிந்ததனாலேயே எனலாம். வன்னிக் காட்டில் நாம் பொறுக்கித் தின்ற பாலைப்பழமும், பூசைக்கு மாலை கட்டும் மகிழம்பூவும் இதே குடும்பத்தவை. பாலைப்பழம் தின்ற பின் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் பாலை மறந்தவர் எம்மில் எவருமிலர். இலுப்பையின் பாலும் அத்தகையதே.

பெயரும் ஊரும்

சங்க நூல்களில் இம்மரம் இருப்பை எனப்படுகின்றது. உதிர்ந்த இருப்பைப் பூக்களைக் கரடிகள் உண்ணும் காட்சி அகநானூற்றில் வருகின்றது. வடமொழியில் இதற்கு மதூகம் என்று பெயர். மது என்பது இனிமையைக் குறிப்பதாகும். சிங்கள மக்கள் இதனை மீ என்பர். அவர்களும் மீ எண்ணெயை விளக்குக்கும் வைத்தியத்துக்கும் பயன்படுத்தி வந்தனர். வயலோரத்து மீ மரத்தின் இலையைப் பசளையாக வயலில் இட்டனர். எனவே இம்மரம் இரு சமூகத்தவருக்கும் பொதுவான செல்வமாக இருந்து வந்துள்ளது.

தமிழகத்தில் மயிலாடுதுறைப் பகுதியில் உள்ள திருப்பழமண்ணிப்படிக்கரை என்னும் தலம் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் பாடல் பெற்றது. அங்கு தலவிருட்சம் இலுப்பை. அவ்வூரும் இன்று இலுப்பைப்பட்டு என்றே வழங்குகின்றது. எமது நாட்டிலோ மன்னார் பூநகரி வீதியில் இலுப்பைக்கடவை உண்டு. மட்டக்களப்பில் இலுப்பையடிச்சேனை உண்டு. இலுப்பைக்குளம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. ஊருக்குப் பெயராகும் அளவுக்கு இம்மரம் எமது மண்ணில் நிறைந்து நின்றது என்பதற்கு இவையே சான்று.

பூவும் உணவும்

“ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்பது பழமொழி. ஆலை என்பது கரும்பாலை. நல்லது கிடையாத இடத்தில் அதற்கு அடுத்ததே பெரிதாகும் என்று, சற்று இளக்காரமாகவே இதனைச் சொல்வர். ஆனால் பழமொழியின் நேர்ப்பொருளை எண்ணிப் பார்த்தால் அது முற்றிலும் உண்மை. காய்ந்த இலுப்பைப் பூவின் நிறையில் பாதிக்கு மேல் சர்க்கரைச் சத்தே ஆகும். மத்திய இந்தியாவின் பழங்குடி மக்கள் இன்றும் பூக்காலத்தில் அதிகாலையில் மரத்தடிக்குச் சென்று பூப்பொறுக்கி, வெயிலில் காயவைத்து, ஆண்டு முழுவதற்கும் உணவாகச் சேமிக்கின்றனர். அவர்கள் அதனை மகுவா என்பர்.

இப்பூ இரவில் மலர்ந்து விடியற்காலையில் உதிரும். வெண்மையும் மஞ்சளும் கலந்த, சதைப்பற்றான சிறு மணி போன்றது. இரவில் பழந்தின்னி வௌவால்கள் வந்து இதன் இனிப்பை உண்ணும்போது மகரந்தச் சேர்க்கை நடைபெறுகின்றது. எனது சிறுவயதில் எங்கள் ஆச்சி உதிர்ந்த பூவைக் கழுவி, பாயில் பரப்பிக் காயவைத்து, வறுத்த எள்ளோடு உரலில் இடித்து உருண்டை பிடித்துத் தருவார். அதற்குச் சர்க்கரை சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கொட்டையும் எண்ணெயும்

பூத்து ஏறக்குறைய மூன்று மாதங்களில் பழம் பழுக்கும். பழத்தின் சதையை உண்ணும் வௌவால்கள் கொட்டையை மரத்தடியிலும் தாம் தங்கும் இடங்களிலும் போட்டுவிடும். காலையில் பாடசாலைக்குப் போகுமுன் கடகம் எடுத்துக்கொண்டு அக்கொட்டைகளைப் பொறுக்குவது எங்கள் வேலை. கபில நிறத்தில் மினுமினுப்பாக இருக்கும் அக்கொட்டைகளைக் காயவைத்து, தோலை உடைத்து, பருப்பை எடுத்து மீண்டும் காயவைப்பர். பின் அது செக்குக்குப் போகும்.

இலுப்பைப் பருப்பில் ஏறக்குறைய பாதியளவு எண்ணெய் உண்டு. ஆயினும் மாட்டுச் செக்கில் அது முழுவதும் வந்துவிடாது. நாலில் ஒரு பங்கு கிடைத்தால் நல்ல ஆட்டு என்பர். இவ்வெண்ணெய் மஞ்சள் நிறமானது. மார்கழிக் குளிரில் நெய்போல் உறைந்துவிடும். திருவெம்பாவைக் காலத்தில் விடியற்புறம் எண்ணெய்ச் சாடியை அடுப்பங்கரையில் வைத்து இளக்கிய பின்னரே ஆலயத்துக்குக் கொண்டுசெல்வர். விளக்கில் இது மெதுவாக, ஆடாது எரியும் என்பதனாலேயே மூலஸ்தானத்துத் தூண்டாமணி விளக்குக்கு எமது முன்னோர் இதனை விரும்பினர்.

சமையலுக்கும் இதனைப் பயன்படுத்தினர். எண்ணெயை நன்கு காய்ச்சி அதன் மணத்தை முறித்த பின் பலகாரம் சுடுவர். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. செக்கிலிருந்து வந்த எண்ணெயில் முதற் போத்தல் பிள்ளையாருக்கு. அது ஆலயத்துக்குப் போய்ச் சேரும்வரை ஆச்சி வீட்டுச் சாடியைத் திறக்கமாட்டார்.

மருத்துவப் பயன்கள்

இலுப்பையின் பல பகுதிகளும் எமது நாட்டு வைத்தியத்தில் இடம்பெறுகின்றன. அவற்றுள் பரவலாக அறியப்பட்டவை வருமாறு:

1. எண்ணெயை இளஞ்சூடாக்கி மூட்டுவலி, பிடிப்பு ஆகியவற்றுக்கு வெளிப்பூச்சாகப் பூசுவர். தோல் வறட்சிக்கும் பூசுவர்.

2. பட்டையை அவித்த நீரால் வாய் கொப்பளிப்பது, முரசில் இரத்தம் கசிவதற்குக் கைமருந்தாகச் சொல்லப்படுகின்றது.

3. பூவை இருமலுக்கும் உடற்சோர்வுக்கும் கொடுப்பர்.

4. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கு, தலை முழுகுவதற்கு அரப்பாகப் பயன்பட்டது. நீரில் கரைத்தால் சவர்க்காரம் போல் நுரைக்கும். சபோனின் என்னும் பொருள் அதில் இருப்பதே இதற்குக் காரணம்.

5. பிண்ணாக்கைத் தணலில் இட்டுப் புகை காட்டினால் பூச்சிகளும் பாம்பும் அணுகா என்பது கிராமத்து நம்பிக்கை. வயலுக்கும் தோட்டத்துக்கும் இது பசளையாகவும் இடப்படும்.

இங்கு வாசகர்கள் சிலவற்றை அவசியம் கவனத்திற் கொள்ள வேண்டும். தலைக்கு நுரை தரும் அதே சபோனின் வயிற்றுக்குத் தீங்கு செய்வது. ஆகவே இலுப்பைக் கொட்டையையோ பிண்ணாக்கையோ உட்கொள்ளலாகாது. ஆடு மாடுகளுக்கும் அப்படியே வைக்கலாகாது. முற்காலத்தில் குட்டைகளில் மீனை மயக்கிப் பிடிப்பதற்கு இப்பிண்ணாக்கைக் கரைத்தனர் என்றால் அதன் வலிமையை உணரலாம். அரப்பு வைக்கும்போது கண்ணில் படாது காத்துக்கொள்ள வேண்டும். அடுத்ததாக, இன்று கடைகளில் தீப எண்ணெய் என்று விற்கப்படுபவை விளக்குக்கு மட்டுமே உரியவை. அவற்றில் பல எண்ணெய்கள் கலந்திருக்கும். போத்தலில் இலுப்பை என்று எழுதியிருப்பதை நம்பி அதனைப் பிள்ளைகளின் உடம்பில் பூசுவதும் சமையலுக்கு எடுப்பதும் ஆபத்தாகும். நீடித்த நோயுள்ளவர்கள் தமது வைத்தியரின் மருந்தை நிறுத்திவிட்டுக் கைமருந்தை நாடுவதும் தவறாகும்.

ஒரு விளக்குக்கு எத்தனை மரம்?

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், ஆலயத்தில் ஒரு நந்தா விளக்கு இடையறாது எரிவதற்கு 96 ஆடுகள் தானமாக வழங்கப்பட்ட செய்தி பல இடங்களில் வருகின்றது. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஆலயத்துக்கு நெய் அளக்க வேண்டும். ஆட்டுமந்தை குறையாமல் பெருகும் என்பதால் விளக்கும் அணையாது எரியும் என்பது கருத்து.

அதுபோல, ஒரு விளக்குக்கு எத்தனை இலுப்பை மரம் வேண்டும் என்று நான் கணக்கிட்டுப் பார்த்தேன். எமது ஆலயத்தின் தூண்டாமணி விளக்குக்கு நாளொன்றுக்கு அரைப் போத்தல் எண்ணெய் செல்கின்றது. ஆண்டுக்கு ஏறக்குறைய 183 போத்தல். நன்கு வளர்ந்த ஒரு மரம் மரத்துக்கு மரம், ஆண்டுக்கு ஆண்டு வேறுபட்டு, 20 கிலோ முதல் 200 கிலோ வரை கொட்டை தரும். நாம் 60 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். தோல் நீக்கினால் 42 கிலோ பருப்பு. அதில் நாலில் ஒரு பங்கு எண்ணெய் என்றால் பத்தரைக் கிலோ. அது ஏறக்குறைய 15 போத்தலாகும். அப்படியாயின் ஒரு விளக்கு ஆண்டு முழுவதும் எரிய 12 மரங்கள் வேண்டும்.

எமது ஆலயத்தின் வெளிவீதியில் முன்பு ஒன்பது இலுப்பைகள் நின்றன என்று முதியோர் சொல்வர். கணக்கைச் செய்து முடித்தபோதுதான் அந்த ஒன்பது மரமும் நிழலுக்காக மட்டும் நடப்பட்டவை அல்ல என்று எனக்குத் தோன்றியது. அவற்றை நட்டவர்கள் யார் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. அவர்கள் கல்வெட்டு எதுவும் வெட்டிவைக்கவில்லை.

எமது வீதியில் நிற்கும் மரம்

2008ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து சென்ற நாம் 2010ஆம் ஆண்டில் ஊர் திரும்பியபோது, அந்த ஒன்பதில் வடமேற்கு மூலையில் நின்ற ஒன்றே எஞ்சியிருந்தது. அதுவும் ஒரு பக்கக் கிளை முறிந்து, அடிமரத்தில் காயத்தோடு நின்றது. கூரையற்றிருந்த ஆலயத்தின் முன் அன்று நாம் ஏற்றிய முதல் விளக்குக்குத் தேங்காயெண்ணெய் வாங்கவே பலரிடம் காசு சேர்க்க வேண்டியிருந்தது. அன்று நாம் நின்று பொங்கியதும் அந்த ஒற்றை மரத்தின் நிழலிலேயே என்பதைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள்.

பிள்ளையாரின் திருவருளாலும் அடியார்களின் பொருளுதவியாலும் இன்று ஆலயம் பொலிவுடன் எழுந்துள்ளது. மடைப்பள்ளியும் மண்டபமும் அமைந்துள்ளன. சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், வௌவால்கள் மண்டபக் கூரையை அழுக்குப்படுத்துகின்றன, சருகு கூட்டி மாளவில்லை என்று கூறி, அம்மரத்தைத் தறித்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. கூறியவர்களைக் குறைசொல்ல முடியாது. நாள்தோறும் அவ்விடத்தைக் கூட்டித் துப்புரவாக்குவோர் படும் சிரமம் உண்மையானது. முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று நானும் அக்கூட்டத்தில் இருந்தேன். ஆச்சியின் கையால் இலுப்பைப்பூ உருண்டை தின்ற நான் வாய்திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீடு வந்த பின் அந்த மௌனம் என்னை உறுத்தியது. அன்று சொல்லாததை இம்மலரில் சொல்கின்றேன்.

வௌவால் வருவது மரத்தின் குறையன்று. வௌவால் வந்தால்தான் பூ காயாகும், கொட்டை கீழே விழும். கூரையின் மேல் நீண்ட கிளைகளை மட்டும் அளவாகக் கழிப்பித்தால் அழுக்குப் பெருமளவு குறையும். சருகைத் தென்னைக்கும் வாழைக்கும் பசளையாக்கலாம். கூட்டும் பணியை ஒருவர் தலையிலேயே சுமத்தாது உபயகாரர்கள் முறைவைத்து ஏற்கலாம். இவற்றுக்கு ஆகும் செலவும் சிரமமும் சிறியன. மரத்தைத் தறித்தால் அந்த இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை ஆகும்.

நடுவது எப்படி?

இலுப்பை நட்ட கையோடு பயன் தரும் மரமன்று. எட்டு முதல் பதினைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். நிறைந்த பயன் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே கிடைக்கும். அதன்பின் அறுபது ஆண்டைத் தாண்டியும் காய்க்கும். ஆகவே இன்று நடுபவர் தமக்காக நடுவதில்லை.

இவ்விதை நெடுநாள் உயிரோடிராது. எடுத்து வைத்து அடுத்த ஆண்டு நடலாம் என்று எண்ணினால் முளைக்காது. மரத்தடியில் விழுந்த புதிய கொட்டையைப் பொறுக்கிச் சில நாட்களுக்குள்ளேயே ஊன்றிவிட வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் ஆதலால், ஆழமான பொலித்தீன் பைகளில் ஊன்றுவது நல்லது. மணலும் எருவும் கலந்த மண்ணில், கொட்டையின் பருமனளவு ஆழத்தில் ஊன்றி ஈரம் காயாது பார்த்துக்கொள்ள வேண்டும். சில வாரங்களில் முளைக்கும். கன்றுகளை மாரி தொடங்கும்போது, ஐப்பசி அளவில், நிலத்துக்கு மாற்றலாம். முதலிரு கோடைகளுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆடு மாடு கடியாதபடி கூடு கட்டி அடைக்க வேண்டும்.

பெருமரமாகையால் மதிலுக்கும் கட்டடத்துக்கும் அருகில் நடலாகாது. மரத்துக்கு மரம் முப்பதடியேனும் இடைவெளி விட வேண்டும். எமது ஆலயத்தின் மேற்கு வெளிவீதியின் புறவோரமும் குளக்கட்டின் அடிப்புறத்து வெளியும் இதற்கு ஏற்ற இடங்கள். குளக்கட்டின் மேல் நட்டால் வேர் கட்டைத் துளைக்கக்கூடும் ஆதலால் அதனைத் தவிர்க்க வேண்டும்.

எனது விண்ணப்பம் இதுவே. எஞ்சி நிற்கும் அந்த ஒரு மரத்தைத் தறிக்காது காப்போம். இவ்வாண்டு அதன் கொட்டைகள் உதிரும்போது அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு பொறுக்குவிப்போம். பன்னிரண்டு கன்றுகளைத் தேர்ந்து, பன்னிரண்டு குடும்பங்கள் ஆளுக்கொரு கன்றைப் பொறுப்பேற்போம். விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுப்பது புண்ணியம். விளக்குக்கு மரம் வைப்பதும் அத்தகைய புண்ணியமே. ஒன்று இன்றைய விளக்கை எரிக்கும். மற்றையது நாம் இல்லாத காலத்து விளக்கை எரிக்கும்.

பெயர் தெரியாத ஒருவர் நட்ட மரத்தின் எண்ணெயிலே நாம் பிள்ளையாரைத் தரிசித்தோம். எம் பெயர் தெரியாத பிள்ளைகள் நாளை எம் மரத்தின் எண்ணெயிலே அவரைத் தரிசிக்க, எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் திருவருள் புரிவாராக.

சுபம்